பிரேக்கை மிதித்த கால்

வாளையார்
பிப்ரவரி 12, 2023

அன்புத் தம்பி லோகேஷுக்கு,

அக்கா செல்வலட்சுமி எழுதுகிறேன். நானும் உன் மச்சானும் சுகம். லாரித் தூசியைத் தின்றே எனக்கு வயிறு நிறைந்துவிடுகிறது. நீயும் சிவசங்கரியும் எப்படி இருக்கிறீர்கள்? அங்கே உறைபனி விழுவதாகப் பேப்பரில் போட்டிருக்கிறான். காதைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டு.

நீ கேட்ட பிரேக் ஷூவும் ஃபேன் பெல்ட்டும் பெட்டியில் இருக்கின்றன. மூணாறு பஸ் கண்டக்டர் ஜோபியிடம் கொடுத்துவிடுகிறேன். போனில் சொன்னால் போதாதா, எதற்குக் கடிதம் என்று உன் மச்சான் சிரிக்கிறார். உங்கள் மேல் டிவிஷனில் டவர் கிடைக்க நீ தண்ணீர்த் தொட்டி மேல் ஏற வேண்டும். ஏறி நின்றாலும் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான். எழுத்தில் வந்தால் நீ பதில் சொல்லியாக வேண்டும்.

கேள்வி இதுதான். பிரேக் ஷூ வருடத்துக்கு இரண்டு தடவை தேய்கிறது, சரி, மலை வண்டி. பிரேக் ஆயிலை எப்போது மாற்றினாய்? போன வாரம் வண்டன்மேட்டிலிருந்து ஏலக்காய் ஏற்றி வந்த ஒரு டிரைவர் கடை வாசலில் நின்று, "ஏனுங்க அக்கா, மலை எறங்கறப்ப பிரேக்கு அடி வரைக்கும் போயிருச்சுங்க. கீழ வந்து மிதிச்சா கல்லாட்டம் நிக்குதுங்க. பேயி கீயி புடிச்சிருக்குமுங்களா?" என்று கேட்டார். உன் மச்சான் திறந்து பார்த்தால் ஆயில் கஷாயம் மாதிரி கறுத்துக் கிடக்கிறது. பேயுமில்லை பிசாசுமில்லை, ஆயிலை மாற்றாத சோம்பேறித்தனம்.

பதில் எழுது. சுற்றி வளைக்காமல் எழுது.

உன் அக்கா
செல்வலட்சுமி


மேல் டிவிஷன், மூணாறு
மார்ச் 3, 2023

வாளையார் ஸ்பேர் பார்ட்ஸ் மகாராணியின் சமூகத்துக்கு,

தம்பி லோகேஷ் வணக்கம் சொல்லி எழுதுவது. எல்லோரும் நல்ல சுகம். சிவசங்கரி உன் கடிதத்தை வாசித்துவிட்டு, "மதினிகிட்ட இவரு வாலாட்ட முடியாதுல்ல" என்று மூன்று நாளாகச் சிரிக்கிறாள்.

சாமான் வந்து சேர்ந்தது. ஷூவைச் சோலையே மாட்டிக் கொடுத்தான். சோலையை உனக்குத் தெரியும், நம் எஸ்டேட் லைனில் அடுத்த வீடு. இப்போது தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். பொழுது சாய்ந்து வந்து எங்கள் ஜீப்புகளையெல்லாம் பார்த்துக் கொடுப்பான். அவன் பெண்டாட்டி வேலுத்தாய் உன்னை விசாரித்தாள். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. அவள் எப்போதும் எங்கள் வீட்டு அடுப்படியில்தான் கிடப்பாள்.

பிரேக் ஆயில் பற்றிக் கேட்டாய். குறையக் குறைய ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். டப்பா எப்போதும் நிறைந்திருக்கும். நான் இந்த ஜீப்பை வாங்கியதிலிருந்து ஒரு குறையும் இல்லை. நெடு இறக்கத்தில் ஆள் நிறைய இருந்தால் சில சமயம் பெடல் கொஞ்சம் களைத்துப் போகும், அவ்வளவுதான். அது எல்லா ஜீப்புக்கும் உள்ளது. கடைசி வளைவில் ஒரு ஓடை இருக்கிறது. அங்கே நிறுத்தி, சக்கரத்தில் நாலு வாளி தண்ணீர் ஊற்றி, ஒரு கட்டஞ்சாயா குடித்தால் பெடல் பழையபடி ஏறிவிடும். டூரிஸ்டுகள் அதைக்கூடப் படம் பிடிக்கிறார்கள்.

மச்சானைக் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி
லோகேஷ்


வாளையார்
மார்ச் 9, 2023

தம்பி லோகேஷுக்கு,

சுகம். சுகமாக இருந்தேன், உன் கடிதத்தைப் படிக்கும் வரைக்கும்.

களைத்துப் போகிறதாம்! அது என்ன பேறுகாலம் ஆன பொம்பளையா, களைத்துப் போவதற்கு? அடே, அது கொதிக்கிறது. நன்றாகக் கேட்டுக்கொள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கிற சாதி. மூடி இறுக்கமாக இருந்தாலும் ரப்பர் குழாய் வழியாகக் கொஞ்சங்கொஞ்சமாகக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். வருஷம் முழுக்க மஞ்சும் மழையுமாகக் கிடக்கிற உங்கள் ஊரில் கேட்கவே வேண்டாம். இறக்கத்தில் மிதித்து மிதித்துச் சக்கரம் சூடாகும்போது அந்த ஈரம் கொதித்து ஆவியாகிவிடும். ஆயில் அமுங்காது, அதனால்தான் உன் கால் அமுக்குவது சக்கரம் வரை போய்ச் சேர்கிறது. ஆவி அமுங்கும். நீ மிதிக்கிற மிதியெல்லாம் அந்த ஆவியை அமுக்குவதிலேயே செலவாகிப் பெடல் அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஆறியதும் ஆவி திரும்பத் தண்ணீராகிவிடும். பெடலும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஏறி நிற்கும். நீங்கள் சாயா குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவீர்கள்.

மேலே மேலே ஊற்றினால் பழைய ஆயில் போய்விடாது. பழங்குழம்பில் புதுக்குழம்பை ஊற்றினால் பழசு புதுசாகுமா? எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வார்கள், உங்கள் ஊருக்கு வருடா வருடம் மழைக்கு முன்னால். உன்னுடைய பழைய ஜீப்பில் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே வழி. ஒரு சக்கரத்தில் கொதித்தாலும் மொத்தமும் போய்விடும்.

சீல் உடைக்காத பாட்டில்கள் அனுப்புகிறேன். எந்தக் கடையிலும் திறந்து வைத்த டின்னிலிருந்து ஊற்றாதே. ஒவ்வொரு சக்கரத்திலும் ஆயில் வெளியேறுகிற நிப்பிளைத் திறந்து, கறுப்பு போய்த் தெளிவாக வரும்வரை விட வேண்டும். பின்சக்கரம் முதலில், பிறகு முன்சக்கரம். இறக்கத்தில் சூடு அதிகம் பிடிப்பது முன்சக்கரம்தான், அதை மறந்துவிடாதே.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். நீ என் கூடப் பிறந்தவன், அதனால் பயப்படுகிறேன்.

அக்கா


மேல் டிவிஷன்
ஏப்ரல் 20, 2023

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு யாவரும் நலம். தாமதத்துக்குக் கோபிக்காதே. சீசன் கூட்டம், தலை சீவ நேரமில்லை. மச்சான் ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார் என்று ஜோபி சொன்னார். மாவுக்கட்டு எப்போது பிரிப்பார்கள்?

பிரேக் ஆயில் மாற்றியாகிவிட்டது. சோலை ஒருநாள் ஃபேக்டரி விட்டு வந்து உட்கார்ந்து செய்தான். வேலுத்தாய் கப்பைக்கிழங்கு அவித்து, மத்தி வறுத்துக் கொண்டுவந்தாள். எல்லோருமாக ஜீப் பக்கத்திலேயே சாப்பிட்டோம். இனி நீ நிம்மதியாகத் தூங்கலாம். ஒரு பாட்டில் மிச்சம்கூட இருக்கிறது.

சிவசங்கரி உனக்குத் தேயிலைத் தூள் அனுப்பியிருக்கிறாள். ஃபேக்டரித் தூள், முதல் தரம்.

தம்பி
லோகேஷ்


வாளையார்
ஏப்ரல் 27, 2023

அன்புத் தம்பிக்கு,

உன் மச்சான் கட்டிலில் படுத்துக்கொண்டு கடையை நடத்துகிறார். நான் கடையையும் அவரையும் நடத்துகிறேன். தேயிலை நன்றாக இருந்தது.

ஆயில் மாற்றியது கேட்டு மனசு குளிர்ந்தது. சோலைக்கு என் நன்றியைச் சொல். ஆனால் ஒரு பாட்டில் எப்படி மிச்சம் வந்தது? நாலு சக்கரத்துக்கும் சரியாகத்தானே அனுப்பினேன்? முன்சக்கர நிப்பிள் திறந்ததா? மழை ஊரில் துருப்பிடித்து இறுகிவிடும். திறக்கவில்லை என்றால் விட்டுவிடாதே. புதிதாக வாங்கி அனுப்புகிறேன். இதற்கு மட்டும் ஒருவரி எழுது.

அக்கா


மேல் டிவிஷன்
ஜூன் 8, 2023

மதிப்புக்குரிய மதினி அவர்களுக்கு,

சிவசங்கரி எழுதுகிறேன். அண்ணன் கால் எப்படி இருக்கிறது? அன்று போனில் என்னால் அழத்தான் முடிந்தது. நீங்கள் கேட்டதற்கெல்லாம் இப்போது பதில் சொல்கிறேன். அண்ணனை விட்டு உங்களால் வர முடியாது என்று தெரியும். அதனால் எழுதுகிறேன்.

விபத்து நடந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. சந்தைக்குப் போக லைன் பெண்கள் ஜீப்பில் ஏறினார்கள். துவைக்கத் துணி கிடந்ததால் நான் போகவில்லை. வேலுத்தாய் பின்னால் கடைசியில் உட்கார்ந்தாள். ஓடை வளைவுக்கு மேலே வரும்போது இவர், "பிரேக்கு புடிக்கல, கெட்டியாப் புடிச்சுக்கிடுங்க" என்று கத்தினாராம். ஹேண்ட் பிரேக்கை இழுத்திருக்கிறார், கியரை இறக்கியிருக்கிறார், கடைசியில் வண்டியை மலைப்பக்கம் திருப்பி மோதிவிட்டார். பள்ளத்துப் பக்கம் விட்டிருந்தால் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். ஜீப் சாய்ந்தபோது வேலுத்தாய் வெளியே விழுந்து அடியில் சிக்கிவிட்டாள். மற்றவர்களுக்குக் காயம். வேலுத்தாய் ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டாள் மதினி.

இவருக்கு வலது கை முறிந்தது. கேஸ் போட்டிருக்கிறார்கள், ஜாமீனில் வந்திருக்கிறார். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் வண்டியைப் பரிசோதிக்க வந்த ஆபீசர் பிரேக்கை மிதித்துப் பார்த்தாராம். கல் மாதிரி நின்றது. ஆயில் நிறைந்திருக்கிறது, கசிவு இல்லை, பிரேக்கில் பழுது இல்லை என்று எழுதிவிட்டார். சோலை அண்ணனும் ஸ்டேஷனில், ஆயில் மாற்றியது நான்தான், பிரேக் போக வழியே இல்லை என்று சொல்லிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் எங்கள் வாசலில் வந்து நின்று, "ஏலே, நான் என் கையால ஆயில் மாத்துன வண்டிடா! பிரேக்கு எப்படிப் போகும்? எங்கனயோ பராக்குப் பாத்துக்கிட்டு மிதிக்காம வந்துட்டு, வாய் கூசாமப் பொய் சொல்லுதியே! என் வேலுத்தாயத் தூக்கிக் குடுத்துட்டேனேடா!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். லைனில் யாரும் எங்களோடு பேசுவதில்லை. குழாயடியில் நான் போனால் விலகிக்கொள்கிறார்கள்.

இவர் மிதித்தார் என்று நான் நம்புகிறேன். ஆனால் பிரேக் எப்படி நின்றது? உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

தங்கள்
சிவசங்கரி


வாளையார்
ஜூன் 15, 2023

என் தம்பிக்கு,

கை வலி எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாயா? வேலுத்தாயை நினைத்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. சின்ன வயதில் அவளுக்கு நான்தான் சடை பின்னிவிடுவேன்.

இதைச் சிவசங்கரியையும் வாசிக்கச் சொல். மறுநாள் பிரேக் நிற்கத்தான் செய்யும். ஒரு ராத்திரி முழுக்க ஆறிய வண்டியில் பிரேக் கல் மாதிரி நிற்காமல் வேறு என்ன செய்யும்? அந்த ஆபீசரைக் குறை சொல்லவில்லை. அவர் மிதித்தது ஆறிய பிரேக்கை, நீ மிதித்தது கொதிக்கிற பிரேக்கை. வண்டி ஸ்டேஷனில்தானே நிற்கிறது? வக்கீலிடம் சொல்லி முன்சக்கரத்து ஆயிலை ஒரு கரண்டி எடுத்துப் பார்க்கச் சொல். நிறம் சொல்லிவிடும்.

ஆனால் அதற்கு முன் நீ எனக்கு உண்மை சொல்ல வேண்டும். நாலு சக்கரத்திலும் புது ஆயில் இருந்திருந்தால், மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அது கொதிக்காது. அப்படியானால் நீ மிதிக்கவில்லை என்று ஊர் சொல்வது சரி. முன்சக்கரத்தில் பழைய ஆயில் கிடந்திருந்தால் நீ மிதித்திருக்கிறாய். கால் தவறவில்லை, பெடல்தான் ஏமாற்றியது. இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். அன்றைக்கு நிப்பிள் பற்றிக் கேட்டேன், நீ பதில் எழுதவில்லை. இப்போதாவது எழுது.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் என் தம்பியைப் பொய்யன் என்று ஒருத்தன் சொல்ல நான் சம்மதிக்க மாட்டேன்.

அக்கா


மேல் டிவிஷன்
ஆகஸ்ட் 2, 2023

அன்புள்ள அக்காவுக்கு,

கை கூடிவிட்டது. மச்சான் நடக்கத் தொடங்கிவிட்டார் என்று அறிந்து சந்தோஷம். இங்கே மழை விடவில்லை.

ஆபீசர் என் கண் முன்னால் மிதித்துக் காட்டினார். அதைப் பார்த்த பிறகு நான் மிதித்தேனா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. சோற்றுக்கு உட்கார்ந்தாலும் வலது கால் தானாகத் தரையை மிதிக்கிறது. சிவசங்கரி முழங்காலில் கையை வைத்து அமுக்குவாள். பிறகும் மிதிக்கிறது. கால் தவறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆயில் மாற்றியதைத்தான் முன்பே எழுதிவிட்டேனே. இனி இதைக் கேட்காதே அக்கா.

லோகேஷ்


வாளையார்
நவம்பர் 16, 2023

சோலை தம்பிக்கு,

லோகேஷின் அக்கா செல்வலட்சுமி எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வேலுத்தாய்க்கு வந்திருக்க வேண்டும், வர முடியாமல் போயிற்று, அதற்கு என்னை மன்னித்துக்கொள்.

என் தம்பி நான் எழுதுகிற ஒன்றுக்கும் பதில் போடுவதில்லை. போனில் பிடித்தால் டவர் இல்லை என்று வைத்துவிடுகிறான். கேஸ் கோர்ட்டுக்கு வருகிறதாம். அதனால் உன்னைக் கேட்கிறேன். ஏப்ரல் மாதம் ஆயில் மாற்றினாயே, முன்சக்கர நிப்பிள் இரண்டையும் திறந்து மாற்றினாயா? கறுப்பு போய்த் தெளிந்து வந்ததா?

ஏன் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பழைய ஆயிலில் ஈரம் சேர்ந்திருந்தால் இறக்கத்தில் அது கொதித்துப் பிரேக் மொத்தமும் போய்விடும். ஆறியதும் திரும்ப வந்துவிடும். மறுநாள் யார் மிதித்தாலும் நிற்கும். முன்சக்கரத்தில் பழசு கிடந்திருந்தால் லோகேஷ் சொன்னது பொய்யில்லை. அவன் மிதித்தான்.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. உனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்.

செல்வலட்சுமி


மேல் டிவிஷன்
நவம்பர் 19, 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மச்சானும் சுகமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் உள்ளே இருப்பேன். குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன். உன்னிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நான் மிதித்தேன் அக்கா. இரண்டு காலையும் வைத்து மிதித்தேன். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. நீ எழுதிய கொதிப்பு அந்த நொடியே நினைவுக்கு வந்தது.

அன்று சோலை பின்சக்கரம் இரண்டையும் மாற்றிவிட்டு முன்னால் வந்து ஸ்பேனர் போட்டான். "ரெண்டு நிப்பிளும் துருப்புடிச்சுக் கெடக்குடே. இன்னும் திருகுனா ஒடிஞ்சிரும். பின்னாடி மாத்தியாச்சுல்ல, போதும். மழைக்கு முன்ன ஒருநா எறக்கிப் பாத்துக்கிடலாம்" என்றான். வேலுத்தாய் மீன் ஆறிப்போகிறது என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நானும் சரி என்றேன். மறுநாள் காலை சவாரி இருந்தது. முன்சக்கரம் முக்கியம் என்று நீ எழுதியதை நான் அவனிடம் சொல்லவே இல்லை. அவன் ஃபேக்டரி மெஷின் பார்ப்பவன், அவனுக்கு இந்தக் கொதிப்பெல்லாம் தெரியாது. பிரேக் நிற்கிறது, அதனால் பிரேக்கில் குறையில்லை என்று இன்றுவரை நம்புகிறான்.

முன்சக்கர ஆயிலை எடுத்துப் பார்க்கச் சொன்னாய். பார்த்தால் என்ன ஆகும்? வண்டியின் நிலைமைக்கு ஓட்டுபவனே பொறுப்பு, தெரிந்தே ஓட்டியிருந்தால் அதுவும் குற்றம்தான் என்று வக்கீல் சொல்லிவிட்டார். எப்படிப் போனாலும் எனக்கு ஜெயில்தான். அந்த ஆயில் வெளியே வந்தால் சோலைக்கு ஒன்று தெரிந்துவிடும். பாதியில் விட்ட வேலைதான் வேலுத்தாயை எடுத்துக்கொண்டது என்று தெரிந்தபின் அவன் அந்த வீட்டில் எப்படிக் குடியிருப்பான்? இப்போது அவனுக்கு என்னைத் திட்டவாவது முடிகிறது. திட்டிவிட்டு ஒருவாய் கஞ்சி குடிக்கிறான். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கிறது.

அதனால் கால் தவறிவிட்டது என்று சொல்லப்போகிறேன். பொய்யன் என்ற பேர் போய், கவனமில்லாதவன் என்ற பேர் வரும். அது பரவாயில்லை. நீ சோலைக்கு ஒன்றும் எழுதாதே. சிவசங்கரியிடமும் சொல்லாதே. இது ஒன்றைத்தான் உன்னிடம் கேட்கிறேன்.

உன் தம்பி
லோகேஷ்


மேல் டிவிஷன்
டிசம்பர் 18, 2023

செல்வலட்சுமி அக்காவுக்கு,

சோலை வணக்கம் தெரிவித்து எழுதுவது. உங்கள் கடிதம் லோகேஷ் கோர்ட்டுக்குப் போன அன்று சாயந்திரம் வந்தது. தண்டனை ஆறு மாதம். பதில் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

முன்சக்கரம் மாற்றவில்லை அக்கா. பின்சக்கரம் இரண்டும்தான் மாற்றினேன். ஸ்டேஷனில் ஆயில் மாற்றினேன் என்று சொன்னேனே தவிர, பாதிதான் மாற்றினேன் என்று சொல்லத் தோன்றவில்லை. பாதிக்கும் முழுசுக்கும் வித்தியாசம் இருக்கும் என்று தெரியாது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஜீப் நிற்கிற இடத்துக்குப் போனேன். கேஸ் முடிந்துவிட்டதால் யாரும் தடுக்கவில்லை. முன்பக்கம் படுத்து நிப்பிளில் ஸ்பேனர் போட்டேன். ஒடிந்துவிடும் என்று அன்றைக்குப் பயந்தேன். நாலு திருகில் திறந்துவிட்டது. ஆயில் மழைக் கலங்கல் மாதிரி வந்தது. கையிலெல்லாம் வழிந்தது. அப்படியே கிடந்தேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று ஜெயிலுக்குப் போனேன். லோகேஷ் வந்தான். மெலிந்திருக்கிறான். நான் வாயைத் திறக்கும் முன், "சாப்பிட்டியாடே?" என்றான். பிறகு, "கால் தவறிட்டு சோலை. நீ ஆயில் மாத்துனது நல்லாத்தான் இருந்துச்சு. தப்பு என் கால்லதான்" என்றான். என் கண்ணைப் பார்த்துச் சொன்னான். எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவன் நம்பிக்கொண்டிருப்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்காகத்தான் உள்ளே உட்கார்ந்திருக்கிறான். சொல்லிவிட்டால் அவன் செய்ததெல்லாம் வீணாகிவிடும். இத்தனைக்கும் பிறகு அவன் கையில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். சொல்லாமல் திரும்பிவிட்டேன். இது கோழைத்தனமா என்று தினமும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

லைனில் எல்லோரிடமும் அவன் மிதித்தான், வண்டிதான் ஏமாற்றியது என்று சொல்லத் துடிக்கிறேன். சொன்னால் சிவசங்கரி வழியாக அவன் காதுக்குப் போய்விடும். அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறேன், விறகு பிளந்து கொடுக்கிறேன். இந்தச் சோலை எப்படி இப்படி மாறினான் என்று பார்க்கிறாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன் அக்கா. எனக்குத் தெரியும் என்று லோகேஷுக்குத் தெரிய வேண்டாம்.

சோலை


வாளையார்
டிசம்பர் 27, 2023

என் அன்புத் தம்பி லோகேஷுக்கு,

அக்கா எழுதுகிறேன். கடிதத்தை அங்கே பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் உன்னிடம் கொடுப்பார்களாம். பார்க்கட்டும், ஊர் நலத்தைத் தவிர இதில் ஒன்றும் இல்லை. உன் மச்சான் கைத்தடியைத் தூக்கிப் போட்டுவிட்டு நடக்கிறார். கடையில் வியாபாரம் நடக்கிறது. இங்கே காற்றுக் காலம் தொடங்கிவிட்டது. வாசலில் போர்டு நிற்பதில்லை, கட்டக் கட்ட விழுகிறது.

நீ போவதற்கு முன் எழுதியது வந்தது. படித்தேன். உன்னைத் திட்ட வேண்டும் என்று எவ்வளவோ வைத்திருந்தேன். ஒன்றும் எழுத வரவில்லை. உன்னைப் பெற்றவள் இருந்திருந்தால் பெருமைப்படுவாளா, தலையில் அடித்துக்கொள்வாளா என்றும் எனக்குத் தெரியவில்லை.

சிவசங்கரியை இங்கே வந்து இருக்கச் சொன்னேன். வர மாட்டேன் என்கிறாள். வேலைக்குப் போகிறாள், சாப்பிடுகிறாள். பொங்கல் கழிந்து நான் வந்து உன்னைப் பார்க்கிறேன். அங்கே குளிருக்குக் கம்பளி கொடுக்கிறார்களா? கொடுக்காவிட்டால் எழுது, கொண்டுவருகிறேன்.

நீ கேட்டுக்கொண்டபடியே செய்தேன். சோலைக்கு நான் ஒருவரிகூட எழுதவில்லை. அவன் நன்றாக இருக்கிறான், வேலைக்குப் போய்வருகிறான் என்று சிவசங்கரி சொன்னாள். அவனுக்கு ஒன்றும் தெரியாது தம்பி. இனி தெரியப்போவதும் இல்லை. நீ மனசை அலட்டிக்கொள்ளாமல் நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு.

உன் அக்கா
செல்வலட்சுமி